மறுஎடை ஜெபமணி வியன்னா பார்த்த நாள்

போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் ஜெபமணியை யாரும் வெறும் ஜெபமணி என்று சொல்வதில்லை, மறுஎடை ஜெபமணி. தராசு காட்டியதை அவர் ஒருநாளும் நம்பியது கிடையாது. எந்த மூட்டையையும் இறக்கி இன்னொரு தரம் நிறுத்தால்தான் மனுஷனுக்குச் சோறு இறங்கும். பெற்ற மகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. வியன்னாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் ஜெபஷீலாவின் குரல், ஏழெட்டு மாதமாகப் போனில் சரியில்லை என்று அவருக்குப் பட்டது. "எவனோ ஒருத்தன் இருக்கான். நேர்ல போயிப் பாத்தாத் தெரிஞ்சு போகும்" என்று மனைவி சாராளிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறியவர், ஊர் பார்க்கவா போனார்?

சனிக்கிழமை காலையில் மகள் அவரை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனாள். டிராமில் டிக்கெட் கேட்க ஆளே இல்லை.

"செக்கிங் திடீர்னு வருவாகப்பா. எல்லாரும் எடுத்திருப்பாக."

"வராட்டி?" என்று கேட்டவர், இறங்குகிற வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பெரிய சர்ச்சின் வண்ண ஓட்டுக்கூரையை வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தபோது, ஜெபமணி சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தவர்களைப் பார்த்தார். தெருக்குழாயில் மலைத் தண்ணீர் வருகிறது, அப்படியே குடிக்கலாம் என்றாள் மகள்.

"மேகமலைத் தண்ணியவே நான் காய்ச்சித்தான் குடிப்பேன். தெரியும்ல?"

ஆனால் அவர் கண் முழுக்க மகள் மேலேதான். மார்க்கெட் பக்கம் ஒரு தெருமுக்கு வந்தபோதெல்லாம் அவள் பேச்சை மாற்றி, "அங்கன ஒண்ணுமில்லப்பா, இங்கிட்டு வாங்க" என்று திருப்பினாள். மூன்றாவது தடவை அவர் நின்றுவிட்டார். அவன் வீடு அந்தத் தெருவில்தான் என்று முடிவே கட்டிவிட்டார். மகள் கையை உதறிவிட்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தார். "அப்பா, அப்பா" என்று அவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

நாலாவது கடை மசாலாக் கடை. வாசலிலேயே ஏலக்காய் வாசம். அவ்வளவுதான், வந்த காரியம் மறந்துபோயிற்று. உள்ளே போய்ச் சாக்கில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். ஒன்றை உடைத்து மோந்தார்.

"காய் அளவு எட்டு எம்எம்முனு எழுதிருக்கான். இது ஏழுதான்" என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்ததை அப்படியே தரையில் விசிறினார். போடி ஏல மண்டபத்தில் அதுதான் வழக்கம். சாம்பிள் பார்த்த காயை யாரும் திருப்பி வைக்க மாட்டார்கள்; ஏலம் முடிந்ததும் கூட்டுகிறவர்கள் வந்து கூட்டிக்கொள்வார்கள்.

கடையில் இருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். கல்லாவில் இருந்த அம்மாள் வாய் திறப்பதற்குள், ஜெபஷீலா நேரே உள்ளே போய், கடைசி அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு விளக்குமாற்றை எடுத்து வந்தாள்.

ஜெபமணி அதைப் பார்த்தார். "விளக்குமாறு இருக்கிற எடம் ஒனக்கு எப்பிடி ஆத்தா தெரியும்?"

அவள் குனிந்தபடியே சொன்னாள். "இங்கனதான்ப்பா வேலை பாக்கேன். கம்பெனியில ஆளக் கொறைச்சுட்டாக. எட்டு மாசமாச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, நீ என்ன தப்புப் பண்ணுனேன்னு கேப்பீக. ஒரே எடையில நீங்க யாரத்தான்ப்பா நம்பிருக்கீக?"

என்ன தப்புப் பண்ணுன என்ற அந்தக் கேள்விதான் அப்போது ஜெபமணியின் நாக்கு நுனியில் நின்றது. மகள் எட்டு மாதம் தன்னந்தனியாகப் பயந்துகிடந்தது தனக்குத்தான் என்று அவருக்கு உறைத்தது.

"கூட்டாத ஆத்தா, இரு" என்று தரையில் உட்கார்ந்தார். முப்பது வருஷமாக ஏல மண்டபத்தில் காயை விசிறிய மனுஷன், ஒருநாளும் குனிந்து ஒரு காயை எடுத்ததில்லை. இப்போது ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார்.

கடைக்கார அம்மாள் அவரைக் காட்டி அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். ஜெபஷீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ பதில் சொன்னாள்.

என்ன சொன்னாய் என்று மறுஎடை ஜெபமணி கேட்கவில்லை.