கோயில் கிணற்றுத் தண்ணீர்

காய்ச்சாத தண்ணீர் சாரதாம்பாளின் தொண்டையில் இறங்காது. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் தங்கையைக் குடல்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். பட்டணத்தில் காஜா பேராங்கிற்குக் குடிவந்த பிறகும் விருந்துக்குப் போன வீடுகளில் தம்ளரை மோந்து பார்த்துப் பகை வளர்த்தாள்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தபின் வந்த முதல் தைப்பூசம். மகள் காய்ச்சலில் பிழைத்ததற்கு நேர்த்திக்கடனாகக் கணவன் மருதமுத்துவோடு பத்துமலைக்கு நடந்தே கிளம்பினாள். கொண்டுபோன தண்ணீர் தம்பின் ஊரைத் தாண்டியதும் தீர்ந்தது. மழை பெய்து வெகுநாளாகியிருந்தது.

சாலையோர வீட்டிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண் கெட்டிலோடு இறங்கி வந்தாள். “ஆயர் மாசாக்,” என்றாள்.

“காய்ச்சின தண்ணியாம். குடி,” என்றான் மருதமுத்து.

“காய்ச்சினத நீங்க பாத்தீங்களா? கேக்காமலே ஏன் கொண்டாந்து குடுக்குது?”

காட்டுக் கொரில்லாக்களை ஒடுக்க அரசு அறிவித்த அவசரகாலம் இன்னும் முடியவில்லை. அந்நியரைக் கண்டால் கதவைச் சாத்தும் காலம். மருதமுத்து குடித்தான், சாரதாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த தோட்டத்தில் மாரியம்மன் கோயில் தெரிந்தது. பக்கத்திலேயே கிணறு. கணவன் வருவதற்குள் வாளியை இறக்கி, மோந்துகூடப் பார்க்காமல் வயிறு முட்டக் குடித்தாள்.

பூசாரி நல்லையா ஓடி வந்தார். “குடிச்சிட்டீங்களாம்மா? மாட்டுக்கொட்டாய்க் கழிவு இதுல கசியுது. நாங்க விளக்குக் கழுவத்தான் எடுப்போம்.”

“சாமி கிணறாச்சேன்னு...”

“யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

அன்றிரவு கோயிலிலேயே படுத்தார்கள்; மறுநாள் காலை வயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போனது. நிற்க முடியாதவளை மருதமுத்து பிடித்துக்கொள்ள, நல்லையா தன் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். தோட்டத்து லயம் உள்ளே வெகுதூரம்; சாலையில் இருந்த ஒரே வீடு அந்த மலாய்க்காரப் பெண்ணுடையதுதான். ரொக்கியா என்ற அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் பாய் விரித்தாள்.

படுத்த இடத்திலிருந்து சாரதாம்பாள் அடுப்பையே பார்த்தாள். மூடி குதிக்கிறதா, ஆவி வருகிறதா, வேறெதுவும் போடுகிறாளா? ரொக்கியா அதைக் கவனித்துவிட்டாள். கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்துபோய் அடுக்களைக் கதவை அகலத் திறந்துவைத்தாள். தண்ணீர் ஆறியதும் முதல் வாயைத் தானே குடித்துக் காட்டினாள்.

சாரதாம்பாளுக்கு வெட்கமாக இருந்தது; வாங்கிக் குடித்தாள். ஆனாலும் அடுத்த கெட்டில் கொதித்தபோதும் அவள் கண்ணை எடுக்கவில்லை.

அவள் தேறி, அவர்கள் பத்துமலையை அடைந்தபோது பூசம் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. உடைந்த தேங்காய் ஓடுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். வெறிச்சோடிய படிகளில் சாரதாம்பாள் மெதுவாக ஏறினாள்.