மகளுக்குக் கொழுப்பு கேட்டேன்

என் மகள் எட்டு வாரம் முந்திப் பிறந்தாள். பூந்தமல்லி சாலையில் ஒரு மருத்துவமனை. என் மனைவி ரத்தக் கொதிப்பு இறங்காமல் வேறொரு வார்டில் மயக்கமாகக் கிடந்தாள். கார்த்திகை மாதம். இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டுமென்றே ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னார். குளிர்ந்தால் நமக்கு உடம்பு நடுங்கும், அந்த நடுக்கத்தில் சூடு வரும். பச்சைப் பிள்ளைக்கு நடுங்கத் தெரியாது. அதற்காகவே கழுத்துப் பக்கமும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் பழுப்பாக ஒரு கொழுப்பு இருக்குமாம். அது தானே எரிந்து சூடு தரும். அதுவும், தோலுக்கடியில் போர்வை மாதிரி படியும் வெள்ளைக் கொழுப்பும் கடைசி இரண்டு மாதத்தில்தான் நன்றாகச் சேரும். என் மகள் அந்த இரண்டு மாதத்தை விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

"சூட்டுக் கட்டில்ல வெச்சும் உடம்பு சூடு முப்பத்தாறு டிகிரிக்கு மேல ஏறல. அம்மா நெஞ்சுல வெறும் உடம்போட வெச்சுக்கணும், அவங்களால முடியாது. நீங்க வெச்சுக்கங்க. ஒரு மணி நேரத்துல முப்பத்தாறரை வரலைன்னா சிட்டில பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஆம்புலன்ஸ்ல தாங்குமான்னு எனக்கே பயமா இருக்கு."

நர்ஸ் வந்தார். சட்டைக்குள் மாலை இருப்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது. "சட்டையையும் மாலையையும் கழட்டுங்க சாமி. மணி அழுத்துனா தோல் பிஞ்சிடும். கீழ சதையே இல்ல."

பிள்ளை பிறந்த தீட்டுக்கே மாலையை இறக்கியிருக்க வேண்டும். முறை எனக்குத் தெரியும். இறக்கினால் பிள்ளை போய்விடுமோ என்ற பயத்தில் மூன்று நாளும் அதைச் சட்டைக்குள் மறைத்துத் திரிந்தேன்.

கோவில்பதாகையிலிருந்து வந்திருந்த மாமியார் வாசலை மறித்தார். "கழட்டாதீங்க மாப்ள. அது ஒண்ணுதான் புள்ளைய காப்பாத்திகினு கீது."

"தீட்டு இருக்கே அத்தை."

"இன்னா பெரிய தீட்டு. எதுனா ஆச்சுன்னா என் பொண்ணுக்கு இன்னா பதில் சொல்லுவீங்க?"

மாலை போட்டுவிட்ட குருசாமிக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூணு நாளா போட்டுகினா கீறீங்க?" என்று அதட்டியவர் குரலைத் தணித்தார். "கழட்டிடுங்க சாமி. மல எங்கயும் போவாது."

மந்திரம் சொல்ல வாய் வரவில்லை. சாமியே என்று மட்டும் சொல்லிக் கழற்றி, அத்தையின் முந்தானையில் போட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நர்ஸ் என் தொந்தியைப் பார்த்தார். "உங்க பொண்ணுகிட்ட கொழுப்பே இல்ல. உங்ககிட்ட ரெண்டு பேருக்கும் சேத்து இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவனாவது எதிர்த்துப் பேசினால் கொழுப்பெடுத்தவன் என்று திட்டியே பழகிய வாய் என்னுடையது. அந்த வாயால்தான், என் மகளுக்குக் கொழுப்பைக் கொடு ஐயப்பா என்று கேட்டேன்.

நெஞ்சில் வைத்தபோது ஈரத்துணி மாதிரி ஜில்லென்று இருந்தாள். தலைக்குக் குல்லா மாட்டி, முதுகைப் போர்த்தி என்னோடு சேர்த்துக் கட்டினார்கள். அரை மணி கழித்து முப்பத்தாறு புள்ளி ஒன்று. ஆம்புலன்ஸ் டிரைவர் வெளியே வந்து விசாரிப்பது காதில் விழுந்தது. பெரிதாக மூச்சு விட்டால் அவளுக்குக் குளிருமோ என்று அடக்கி அடக்கி விட்டேன். எனக்கு வேர்த்து ஊற்றியது.

ஒரு மணி நேரம் ஆனதும் நர்ஸ் பிள்ளையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தார். பீப் சத்தம் கேட்டது. எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"முப்பத்தாறு புள்ளி ஆறு," என்றவர் வாசல் பக்கம் திரும்பி, "டிரைவர போகச் சொல்லுங்க," என்றார். பிறகு என்னிடம், "நீங்க எழுந்துக்காதீங்க சாமி. உங்க வீட்டம்மா எழுந்து வர்ற வரைக்கும் உங்க வேலை இதான்."

கால் மரத்துப் போயிருந்தது. நான் அசையவில்லை.