கிராணி பிரிக்க முடியாத கடிதம்

மலேசியாவில் பெடாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த பஞ்சாலை என்ற பெண் போராடி ஜெயித்தவை இவ்வளவு: இரண்டாம் முறை எழுதித் தேறிய ஐந்தாம் படிவப் பள்ளியிறுதிச் சோதனை. அப்பா மாயாண்டியிடம் மூன்று மாதம் பேசாமல் இருந்து வாங்கிய சம்மதத்தால் கிடைத்த சுங்கை காடுட் தொழிற்சாலை வேலை. ஞாயிறு பத்திரிகையில் ஐந்து சிறுகதைகள், அதில் ஒன்றுக்கு ஆறுதல் பரிசு. ஐந்திலும் எழுதியவர் பெயர் இல்லை. 'ஒரு தோட்டத்துப் பெண்' என்றுதான் போட்டிருந்தது.

அதற்குத் தான்தான் காரணம் என்பது அக்காள் ராக்கம்மாவின் மனக்குறை. ஆறாம் வகுப்போடு பால்மரம் சீவப் போனவள் அவள். ஆனால் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், எதிலும் ஒழுங்கு வேண்டும். 1989இல் தங்கச்சியின் முதல் கதையை அவள்தான் படியெடுத்தாள். பத்திரிகை கேட்டபடி, தங்கச்சி பெயரும் தோட்டத்து முகவரியும் எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் உள்ளே வைத்தாள்.

கதை திரும்பி வந்தது. தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீஸ் மேசையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரும். அங்கே கணக்கெழுதும் கிராணி அதைப் பிரித்துவிட்டார். மறுநாள் விடிகாலை ஆட்களெல்லாம் கூடும் பெரட்டில் பேரைக் கூப்பிட்டு முடித்ததும், அதில் இரண்டு பக்கத்தை உரக்கப் படித்தார். கதையில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருவர் வருகிறார். அவர் யாரென்று எல்லாருக்கும் தெரிந்தது. அவரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

"எழுத்தாளரம்மா, அடுத்த கதையில என்னையும் போடு லா! கொஞ்சம் அழகா போடு!" என்றான் வரிசையில் நின்ற முனியாண்டி. கூட்டமே சிரித்தது.

மண்டோர் சிரிக்கவில்லை. அந்த வாரமே மாயாண்டி பால் வெட்டும் மரவரிசை மேட்டு நிரைக்கு மாறிற்று. ஒரு வருஷம் முழுக்க அவர் பால் வாளியோடு சறுக்கிச் சறுக்கி இறங்கினார்.

அதன் பிறகு பஞ்சாலை பெயரும் போடுவதில்லை, உறையும் வைப்பதில்லை. பத்திரிகையில் வராத கதை ஏன் வரவில்லை என்று சொல்ல ஆளும் இல்லை. இப்படியே ஒன்பது வருஷம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வந்தவள் ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"போதும்க்கா. இந்த வருஷத்தோட விட்டுடறேன். எது சரி, எது தப்புன்னே தெரியாம எத்தனை நாளைக்கு எழுதறது?"

அந்த ஞாயிறு ராக்கம்மா அவளைத் தம்பின் டவுனுக்கு பஸ் ஏற்றிவிட்டாள், தானும் ஏறினாள். புதிதாக எழுதுகிறவர்களுக்கென்று கம்ப்யூட்டரில் தமிழிலேயே ஒரு பக்கம் இருப்பதாகத் தொழிற்சாலைத் தோழி சொல்லியிருந்தாள். லியாக்கத் அலியின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் நாலு கம்ப்யூட்டர் இருந்தன. முதலில் திரை முழுக்கப் புழு நெளிந்த மாதிரி கிறுக்கல். லியாக்கத் அலி ஒரு டிஸ்க்கைச் செருகி எதையோ ஏற்றினார். தமிழ் வந்தது.

அச்செடுத்தால் மறுபடி புழுதான் வந்தது. ராக்கம்மா நோட்டைத் திறந்தாள். திரையில் இருந்த யோசனைகள்: எழுதிய கதையைப் பத்து நாள் எடுத்துப் பார்க்காதே, பிறகு வாய்விட்டுப் படி, முதல் பத்தி இல்லாமலே கதை நிற்கிறதா பார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அடியில் இருந்த 'நீங்கள் 312ஆவது வாசகர்' என்பதைக்கூட விடவில்லை.

"அது எதுக்குக்கா?"

"இருக்குல்ல, எழுதணும்."

கடைசியில் ஒரு வரி: கதை அனுப்பினால் மூன்று பேர் படித்துக் குறை நிறை எழுதுவார்கள், சொந்தப் பெயர் கட்டாயம். பஞ்சாலை நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"அனுப்பினா பதில் எந்த ஆபீசுக்கு வரும் தம்பி?" என்று ராக்கம்மா லியாக்கத் அலியிடம் கேட்டாள்.

"ஆபீசே இல்லக்கா, இமெயில்ல வரும். பாஸ்வேர்ட் போட்டு தங்கச்சி மட்டும்தான் திறக்க முடியும். நானே நெனச்சாலும் முடியாது."

ராக்கம்மா பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தாள். உள்ளே பெரட்டில் வாசிக்கப்பட்ட அதே கதை.

"இதை இன்னுமா வச்சிருக்க?"

"என் கையால படியெடுத்தது, தூக்கிப் போடுவேனா? இதையே அனுப்பு."

மூன்று ஞாயிறு போய் ஒற்றை விரலால் அடித்தாள் பஞ்சாலை. அடிக்க அடிக்க முதல் பத்தி வேண்டாமென்று அவளுக்கே தெரிந்தது, எடுத்துவிட்டாள். பெயர்க் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. கீழே கடையில் பரோட்டா தட்டும் சத்தம்.

"அப்பாகிட்ட கேட்டேன்" என்றாள் ராக்கம்மா. "மேட்டு நிரையெல்லாம் ஏறி எறங்கியாச்சு, இனி என்ன, போடச் சொல்லுன்னாரு."

விரல் அசைந்தது. ராக்கம்மா நோட்டில் 312க்குக் கீழே ஒரு கோடு இழுத்து, திரையில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டாள்: மா. பஞ்சாலை, பெடாஸ். 15 நவம்பர் 1998.