முனீஸ்வரர் வளைவில் உடைத்த பூசணிக்காய்

இது நடந்து மூன்று வருடம் ஆகப் போகிறது. தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம். இடம், மலேசியாவில் லாபு பக்கம் எங்கள் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் காட்டுக்குள் ஏறுகிற தார் ரோடு.

மலைமேல் இருந்த தண்ணீர்த் தொட்டிக்காக எப்போதோ போட்ட ரோடு அது. தொட்டி வேலை நின்ற பிறகு வாயிலில் இரும்புத் தடுப்பு போட்டுப் பூட்டிவிட்டார்கள். கார், லோரி, மோட்டார் சைக்கிள் எதுவும் போக முடியாது. ஓரத்து இடைவெளியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் நுழையலாம். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமை காலையில் சிரம்பானிலிருந்தும் நீலாயிலிருந்தும் சைக்கிள்காரர்கள் வருவார்கள். இரண்டு பக்கமும் காடு, நல்ல நிழல், பின்னால் ஹாரன் அடிக்க ஆளில்லை. மூச்சு வாங்க மேலே ஏறிவிட்டு, இறங்கும்போது காற்றாகப் பறந்து வருவார்கள்.

அவர்களில் ஒரு சீனர் மட்டும் தனியாக வருவார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான ஆள். என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். நான் சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை. ஞாயிறு லீவு என்பதால் காலையில் போய்க் கோயிலைக் கூட்டி, விளக்குக் கழுவி வைப்பேன். அவர் எங்கள் குழாயில் போத்தலை நிரப்பிக்கொள்வார். பிறகு காலணியைக் கழற்றிவிட்டு சாமி முன்னால் ஒரு நிமிடம் நிற்பார்.

"அண்ணே, உங்க சாமிக்கிட்ட சொல்லி வைலா, மேட்டுல என்னைக் கொஞ்சம் தள்ளிவிடச் சொல்லு" என்பார் மலாய் மொழியில், பேச்சுக்குப் பேச்சு ஒரு "லா" சேர்த்து.

"சாமி தள்ளிவிடுவாரு அங்கிள், பிரேக் மட்டும் நீங்கதான் பிடிக்கணும்" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே ஏறிப் போவார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வாங்கிய காருக்குப் பூசை போட்டேன். பழைய கார்தான். ஆனாலும் இத்தனை வருடம் மோட்டாரிலேயே நனைந்த குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பூசணிக்காயைக் குடைந்து, குங்குமம் கலந்து, மூன்று சுற்று சுற்றினேன்.

வழக்கமாகக் கோயில் முன்னால்தான் உடைப்போம். அதற்கு முந்தின வருடம் அப்படி உடைத்ததில் ஒருவரின் மோட்டார் வழுக்கியது, நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. அது ஞாபகத்தில் இருந்ததால், பின்னால் தடுப்பைத் தாண்டிப் போய் அந்த வளைவில் உடைக்கலாம் என்று நினைத்தேன். வண்டியே வராத ரோடு, யார் வழுக்கி விழப் போகிறார்கள்?

என் மனைவி கேட்டாள்: "என்னங்க, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சைக்கிள்காரங்க வருவாங்களே. ஓரமா ஒதுக்கிவிட்டுட்டு வாங்க."

"திருஷ்டி கழிச்சதைத் தொடக்கூடாது. திரும்பிக்கூடப் பார்க்காம வா" என்றேன். அவள் சொன்னது காதில் விழாமல் இல்லை. பார்த்து ஒதுங்கிப் போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி லேசாக மழை வேறு தூறியது.

மறுநாள் காலை விளக்குக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் சர்ரென்று ஒரு சத்தம், அடுத்து தொப்பென்று விழுந்த சத்தம். ஓடினேன். வளைவில் சைக்கிள் ஒரு பக்கம், அந்தச் சீனர் ஒரு பக்கம். விடியும் முன்னே இருட்டில் ஏறிப் போனவர், இறங்குகிற வேகத்தில் வழுக்கியிருந்தார். வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்பு வரை சிவப்பு. அவர் அதைப் பார்த்து ரத்தம் என்று பயந்துபோனார். எனக்குத் தெரிந்துவிட்டது, அதில் பாதி குங்குமம்.

காலுறையில் ஒட்டியிருந்த பூசணிச் சதையை அடிபடாத கையால் எடுத்துப் பார்த்து, "என்னது இது, பழமா?" என்றார். பிறகு அவரே, "மோஞேட்டா?" என்று கேட்டார். மோஞேட் என்றால் மலாயில் குரங்கு. எங்கள் கோயில் வாழைப்பழத்தைக் குரங்குகள் தூக்கிக்கொண்டு ஓடுவதை அவரும் பார்த்திருக்கிறார்.

"ஆமா அங்கிள், மோஞேட்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. வலியிலும் அவர் சிரித்தார். "குரங்கு என்னை ஜெயிச்சிருச்சிலா" என்றார்.

என் காரில்தான் அவரைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பூசை போட்ட பிறகு அந்தக் கார் போன முதல் பயணம் அதுதான். எலுமிச்சம்பழத் தோல் டயரில் ஒட்டிக்கொண்டே வந்தது. மணிக்கட்டும் தோள்பட்டை எலும்பும் உடைந்திருந்தன. அவர் மனைவி வரும்வரை கூட இருந்தேன். பிறகு நேராக அந்த வளைவுக்குத் திரும்பி வந்து, தொடக்கூடாது என்று சொன்ன அதே துண்டுகளைக் கையாலேயே பொறுக்கிக் காட்டுக்குள் வீசினேன். யாராவது பார்க்க வருவதற்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். முதல் நாள் செய்திருந்தால் அது புண்ணியம். அன்றைக்குச் செய்தது மறைக்கிற வேலை.

சீனப் பெருநாள் சமயத்தில் அவர் மனைவி கார் ஓட்டி வர, கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டியபடி அவர் கோயிலுக்கு வந்தார். கூடவே ஒரு பை நிறைய ஆரஞ்சு. கை எலும்பில் உலோகத் தகடு வைத்திருக்கிறார்களாம், இனி இறக்கத்தில் பிரேக் பிடிக்க அந்தக் கை உதவாதாம், சைக்கிளைத் தங்கச்சி மகனுக்குக் கொடுத்துவிட்டாராம். சொல்லிவிட்டு மலைப்பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா, "நீங்க மட்டும் அன்னைக்கு இல்லைன்னா இவர் அங்கேயே கிடந்திருப்பார். நீங்க நல்ல மனுஷன்" என்று சொல்லிப் பையை என் கையில் வைத்துவிட்டார். பையை வாங்கிக்கொண்டேன். அந்த ஆரஞ்சில் ஒரு சுளைகூட நான் தின்னவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை முனீஸ்வரர் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுவிட்டேன், மனசு லேசாகிவிட்டது என்றேன்.

அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "கை ஒடிஞ்சது சாமிக்கா?"

அதன் பிறகு அந்தச் சீனர் வரவில்லை. ஜொகூரில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டதாக மற்ற சைக்கிள்காரர்கள் சொன்னார்கள். அவர்களிடம் கேட்டு நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு தடவை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். அந்த வளைவில் ஒரு மரத்தில் "குரங்குகள் ஜாக்கிரதை" என்று மலாயில் போர்டு எழுதி மாட்டியிருக்கிறார்கள், அவருக்காக மற்ற சைக்கிள்காரர்கள் செய்தது. இப்போது பூசணிக்காயைக் கோயில் வேலிக்குள் குழி தோண்டி, அதற்குள்தான் உடைக்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து அந்த வளைவைக் காய்ந்த இலைகூட இல்லாமல் கூட்டிவிடுகிறேன். அந்தப் போர்டை மட்டும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மனப்பாரம் தாங்காமல்தான் இதை இந்தத் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறேன். அந்தப் பெரியவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அது தெரிந்ததால்தான் இங்கே எழுதத் துணிந்தேனோ என்று நினைக்கும்போது, நான் இன்னும் அந்த வளைவில்தான் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது.