போதும் என்றால் நிற்காத பாய்லர்

காபி ஆறுவதற்குள் ஆளைச் சமாளிக்கவேண்டிய தொழில் எங்களுடையது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். முன்பின்னாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. கடை வைத்து அவதிப்பட்டவர்கள் பிழை பொறுத்து வாசியுங்கள்.

சண்டைக் காலத்தில் எங்கள் மாரண்டஹள்ளிக் கடையில் பரிமாறிய இருவரும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார்கள். பெட்ரோல் கிடைக்காமல் ஓசூர் பஸ் அப்போது கரியில் ஓடியது. டிரைவர் கரியடுப்பைக் கிளறும் பத்து நிமிஷத்துக்குள் முப்பது பேருக்குக் காபி கொடுத்தாகவேண்டும். தாமதமானால் பஸ் எதிர்க்கடைக்குப் போய்விடும், அதோடு எங்கள் பிழைப்பும் போய்விடும். என் வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து குழாய் வைத்த பித்தளை பாய்லர் ஒன்று வாங்கி வந்தார். கலந்த காபி உள்ளே கொதிக்கும். கைப்பிடியைத் திருப்பி அவரவரே டம்ளரில் பிடித்துக்கொள்ளவேண்டும். யார் கை வேகுமோ என்று பக்கத்திலேயே ஓர் அண்டா நிறையத் தண்ணீர் வைத்தேன்.

ஒரு வார்த்தை

முதல் நாள், ஏரியூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர் டம்ளரோடு குழாய் முன்னால் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பின்னால் பெரிய வரிசை. பஸ் ஹாரன் அடித்தது.

"திருப்புங்கம்மா, காபி வரும்" என்றேன்.

"அடுத்தவங்க எடத்துல நாமளே ஊத்திக் குடிச்சா நல்லாவா இருக்கும்? நீங்க ஒரு வார்த்த எடுத்துக்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். பிடித்துக்கொண்டு போனார். அடுத்து நின்ற மீசைக்காரர் கைப்பிடியைத் தொடாமல் என்னைப் பார்த்தார்.

"எனக்கும் சொல்லிருங்கம்மா."

இட்லிக் கை

கம்பைநல்லூர்ப் புளி வியாபாரி இட்லி தின்ற கையை நேரே குழாய்க்கு அடியில் நீட்டி, மறு கையால் திருப்பப் போனார். நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டார். வியாபாரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கொழாய்னா கை கழுவத்தானுங்க. அதுல காப்பிய அடச்சு வெச்சது உங்க தப்புங்க" என்றார் அவர்.

உள்ளங்கை

சோற்றுக்கு இலை மேல், காபிக்கு டம்ளர் மேல் கையை விரித்தால் போதும் என்று அர்த்தம். பரிமாறுகிறவர் நிறுத்திவிடுவார். இது பாய்லருக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சந்தை நாளன்று பாலக்கோட்டு விவசாயி ஒருவர் குழாயைத் திறந்தார். டம்ளர் நிறைந்தது. "போதும்" என்றார். நிற்கவில்லை. "போதும்ப்பா" என்று டம்ளர் மேல் உள்ளங்கையை விரித்துவிட்டார்.

மாவுக் கையோடு ஓடி, குழாயை அடைத்து, அவர் கையைத் தண்ணீர் அண்டாவில் அமுக்கினேன். கை சிவந்து கொப்புளித்தது. டிரைவர் இறங்கி வந்தார். "அக்கா, இன்னொரு கை வெந்துச்சுன்னா பஸ்ஸ எதிர்க்கடையில நிறுத்திருவேன், கோவிச்சுக்காதீங்க." விவசாயி அண்டாவுக்குள் கையை வைத்தபடியே பாய்லரை முறைத்தார்.

"ரெண்டு வாட்டி மரியாதையாத்தான் சொன்னனுங்க."

அன்றே குழாயின் கைப்பிடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன்; இப்போதெல்லாம் பஸ் மேட்டில் முக்கும் சத்தம் கேட்டதும், அவரவரே பிடித்துக்கொள்ளும் பாய்லரிலிருந்து முப்பது டம்ளரையும் நானே நிரப்பி வைத்து, "எடுத்துக்குங்க" என்று முப்பது தடவை சொல்லிவிடுகிறேன்.