எழுந்து நின்ற ஆறு பேர்

காலை ஏழு மணிக்கு நான் இரண்டு கைகளையும் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் வார்டே எழுந்து நிற்கும். டாக்டர் ரவுண்டு வரும்போது நிற்க முடிந்தவன் கட்டில் கால்மாட்டில் நேராக நிற்க வேண்டும். முடியாதவன் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும். வெள்ளைக்கார டாக்டர் வைத்த ஒழுங்கு அது. யார் தேறி வருகிறான் என்று வாசலில் இருந்தே அவருக்குத் தெரிந்துவிடும். கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில், நாலைந்து ரப்பர் தோட்டங்களுக்குப் பொதுவாக இருந்த ஆஸ்பத்திரியில் நான் ஆயா. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எழுத்தெல்லாம் பின்னாளில் என் பிள்ளைகள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டது. ஆனால் என் வார்டைப் போல் ஒழுங்கான வார்டு அந்த வட்டாரத்தில் இல்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். கால் புண்ணோடு கிடந்த ஒருவர், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவர், பகடி பேசுகிறவர், "அக்கா கை தட்டினா செத்தவனும் எந்திரிச்சு நிப்பான்லா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

ஜப்பான்காரன் வந்ததும் டாக்டர் போய்விட்டார். மிஞ்சியது மிஸ்ஸி ஒருவர். நர்சுகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். ஒல்லியான உடம்பு, அதிர்ந்து பேச மாட்டார். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை பட்டாளத்துக்கு மட்டும் என்று ஜப்பான்காரன் அள்ளிக்கொண்டு போனான். வேலை செய்யாதவனுக்குப் பாதி அரிசிதான் என்று ஓர் உத்தரவு வந்தது. நோயாளி வேலை செய்யாதவன். கஞ்சியில் மரவள்ளிக்கிழங்கைக் கரைத்து ஊற்றினோம். பஞ்சும் துணிக்கட்டும் தீர்ந்தபிறகு, செத்தவர்களின் வேட்டியைக் கிழித்து, அவித்து, காயவைத்துக் கட்டினோம். அந்தக் காலத்துக் கால் புண்ணை இப்போது யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ரப்பர் மரத்தடியில் ஒரு குச்சி கீறினால் போதும், பத்து நாளில் எலும்பு தெரியும். மிஸ்ஸி தினமும் உப்புத்தண்ணீரில் கழுவி, அழுகியதைச் சுரண்டி எடுத்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக ஆற வைத்தார்.

பிறகு சயாம் வந்தது. அங்கே ரயில் தண்டவாளம் போட ஆள் வேண்டுமாம். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கேட்டார்கள். முதலில் போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை என்றதும் மற்ற ஆண்கள் காட்டுக்குள் ஓட ஆரம்பித்தார்கள். லயத்தில் ஆள் கிடைக்காதபோது ஆஸ்பத்திரிப் பக்கம் லோரி திரும்பியது. அந்தச் செய்தி எங்களுக்கு ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டது. மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டு, "யாரு வந்தாலும் ஒருத்தனும் கட்டிலை விட்டு எந்திரிக்கக் கூடாது. நிக்கிறவனைத்தான் ஏத்துறானுங்க. எல்லாருகிட்டயும் சொல்லிடு" என்றார். சொன்னேன். கட்டில் கட்டிலாகப் போய்ச் சொன்னேன். அதனால் தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால் சந்தைக்குப் போகும் பாசார் முச்சந்தியில் காவல் நின்ற சிப்பாய்க்குக் குனிந்து வணங்க மறந்துவிட்டேன். கன்னத்தில் அறைந்தான். விழுந்தேன். எழுந்ததும் மறுபடி அறைந்தான். பக்கத்தில் ஒரு சீனக் கிழவரை முட்டி போட வைத்து, தலைக்குமேல் கல்லைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லியிருந்தான். அவர் கை நடுங்கிக் கல் அவர் தலையிலேயே விழுந்ததைப் பார்த்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

மிஸ்ஸி சொல்லி வைத்த மறுநாள் காலை. பூட்ஸ் சத்தம் படியேறியது. ஓர் ஆபீசர், இரண்டு சிப்பாய்கள், வழிகாட்ட வந்த, எங்கள் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி. மிஸ்ஸி அந்தக் கோடியில் ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஆபீசர் வாசலில் நின்று வார்டைப் பார்த்தான். யாரும் அசையவில்லை. வணங்காமல் கிடக்கிறார்களே, அடிக்கப் போகிறானே என்று என் கன்னம் எரிந்ததா, இல்லை, வருஷக்கணக்கான பழக்கமா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் கை தானாகத் தட்டியது. வாய் தானாக, "எந்திரிங்க, கும்பிடுங்க" என்றது.

ஆறு பேர் எழுந்து நின்றார்கள். நான் பழக்கியபடி, கட்டில் கால்மாட்டில், நேராக.

ஆபீசர் சிரித்தான். கிராணியிடம் ஏதோ சொன்னான். கிராணி தலையைக் குனிந்துகொண்டு, "நிக்கிறவங்க எல்லாம் லோரியில ஏறணுமாம்" என்றார்.

மிஸ்ஸி ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். கையில் இடுக்கி இருந்தது. முதலில் நின்றவர் ரவாங் பக்கத்து ஆள். ஐந்து மாதம் போராடி ஆற வைத்த கால். மிஸ்ஸி அவர் முன்னால் மண்டியிட்டு, கட்டைப் பிரித்து, புதிதாய் மூடியிருந்த இளந்தோலுக்குள் இடுக்கியை விட்டு ஒரே இழுப்பாகக் கிழித்தார். அந்த மனிதர் போட்ட அலறல் மாடு அறுக்கும் இடத்தில்தான் கேட்கும். ரத்தம் மிஸ்ஸியின் வெள்ளைக் கவுனில் தெறித்தது. "இவனால நடக்க முடியாது. பாக்கச் சொல்லுங்க" என்று கிராணியிடம் சொன்னார். ஆபீசர் எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, அவரைக் காலால் தள்ளினான். ஒருவர் தப்பினார்.

மிஸ்ஸி இரண்டாவது ஆளிடம் போனார். அவர்தான் எங்கள் பகடிக்காரர். கால் கட்டைப் பிரிக்கக் கை வைக்கும்போதே ஆபீசருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கத்தி உறையால் மிஸ்ஸியின் தாடையில் அடித்தான். விறகு முறிகிற மாதிரி சத்தம். அவர் விழுந்தும் இடுக்கியை விடவில்லை. தரையில் ஊர்ந்து போய் மறுபடியும் அந்தக் காலைப் பிடித்தார். சிப்பாய் அந்தக் கையைப் பூட்ஸால் மிதித்து, துப்பாக்கிக் கட்டையால் முதுகில் குத்தினான், குத்திக்கொண்டே இருந்தான். பகடிக்காரர்தான், "விடுங்க மிஸ்ஸி, செத்துருவீங்க. நான் போறேன்" என்று காலை இழுத்துக்கொண்டார். ஐந்து பேரும் லோரியில் ஏறினார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். என்னை யாரும் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகடிக்காரர் மனைவி அவித்த கிழங்கோடு வந்தாள். அவள் புருஷன் நிற்காமல் படுத்திருந்தால் விட்டிருப்பார்கள் என்று, கட்டிலில் கிடந்த ரவாங்காரர் அவளிடம் சொல்லிவிட்டார். ரவாங்காரருக்கு அன்று நடந்ததில் வலியைத் தவிர எதுவும் நினைவில்லை. யாரோ எழுப்பினார்கள் என்று மட்டும் சொன்னார். "யாருடி எந்திரிக்கச் சொன்னது?" என்று வார்டு நடுவில் நின்று கேட்டாள். என் கையில் புண் கழுவுகிற தட்டு. வாயைத் திறந்தேன். அதற்குள், தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்த மிஸ்ஸி பல்லுக்கிடையில், "நான்தான்" என்றார். பார்த்திருந்த மற்ற நோயாளிகள் மிஸ்ஸியின் சொல்லைத் தாண்டிப் பேசுகிறவர்கள் இல்லை.

கிழங்குச் சட்டி மிஸ்ஸியின் நெற்றியில் உடைந்தது. மிஸ்ஸியின் கூந்தலை அவள் பிடித்து இழுத்து, அந்த வீங்கிய தாடையிலேயே குத்தினாள். மிஸ்ஸி கையைக்கூடத் தூக்கவில்லை. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் போன பிறகு அழுதுகொண்டே ஏன் என்று கேட்டேன். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நீ அந்த லயத்துல இருக்கிறவ. காலையில எந்திரிச்சா அவ முகத்துலதான் முழிக்கணும். நான் பிரிக்பீல்ட்ஸ் போயிருவேன். போ, தண்ணி கொதிக்க வை. அந்த ரவாங்காரன் கால் அழுகுது."

ஜப்பான்காரன் சண்டை முடிந்து அவன் போனதும், மிஸ்ஸி சொன்னபடியே பிரிக்பீல்ட்ஸ் போனார். வாய் கோணியே இருந்தது. கடைசிவரை கஞ்சிதான் குடித்தார் என்று கேள்விப்பட்டேன். ஐந்து பேரில் ஒருவரும் திரும்பவில்லை. ரவாங்காரர் நொண்டிக்கொண்டே எழுபது வயது வரை இருந்தார்.

போன மாதம் கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டாக்டர் வந்தபோது எழப்போனேன். ஒரு சின்ன மிஸ்ஸி என் தோளைப் பிடித்து, "படுங்க பாட்டி, யாருக்காகவும் எந்திரிக்க வேணாம்" என்றாள். படுத்துக்கொண்டேன். தூங்க முடியவில்லை.

பகடிக்காரர் மனைவி இன்னும் இருக்கிறாள். நாற்பது வருஷம் அவளும் நானும் பக்கத்து வீடு. அவள் மகளுக்குப் பிரசவம் பார்த்ததே நான்தான். மிஸ்ஸியை அவள் சபிக்காத தீபாவளி இல்லை. கேட்டுக்கொண்டு அவள் கொடுத்த பலகாரத்தைத் தின்றிருக்கிறேன். இப்போது அவளுக்குக் கண் தெரியாது. பேத்திதான் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுகிறாள். நான் எழுதுகிற இதையும் வாசிப்பாள். வாசிக்கிற பிள்ளை இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் உரக்கப் படிக்கட்டும்: உன் புருஷனை எழுப்பியது மிஸ்ஸி இல்லை, நான். அடிக்க வருவதானால் வா. கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.