லூயிகாவின் கழுத்தில் மூடிய மாலை

என் அண்ணி லூயிகாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று எங்கள் தீவுக் குடாவில் பேச்சு. குடிவெறியில் வேலி தாண்டி வந்த மாட்டுக்காரன் ஒருவனை, சேப்பங்கிழங்கு இடிக்கிற கல்லைத் தூக்கிக்கொண்டு கடற்கரை வரைக்கும் துரத்தியவள். எரிமலைப் பாறையில் வெறுங்காலோடு இறங்கித் தாழை ஓலை சுமந்து வருவாள். அந்த ஓலையில் தொப்பி பின்னிக் கடையில் கொடுத்து, மாவும் மண்ணெண்ணெயும் வாங்கிப் போவாள். என் அண்ணன் பிலிப்போ அவளுக்கு எதிரே வாயைத் திறப்பது சாப்பிடத்தான்.

அவள் நடுங்கி நான் இரண்டே தடவை பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் நான்தான்.

முதல் தடவை என் கல்யாணத்தில். தேவாலய வாசலில் அவளைக் கண்டதும் சந்தோஷத்தில் என் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டேன். இரண்டு முனையையும் சேர்த்து முடிந்த மாலை. அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சி கழுத்தில் முடிந்த மாலை ஏறக் கூடாது, முனைகள் திறந்து தொங்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். கல்யாணப்பெண்ணுக்கு மறந்துபோனது. போட்டவள் எதிரிலேயே மாலையைக் கழற்றுவது அவமரியாதை என்று அண்ணி நான் கண் மறையும் வரை அதைச் சுமந்துகொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஆண் குழந்தை நீலம் பாரித்துப் பிறந்தது. கழுத்தைச் சுற்றிக் கொடி. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி தரிக்காது என்று மருத்துவச்சி ஹன்னா அத்தை கையை விரித்துவிட்டாள். நாலு வருஷம் போனது. அப்போதுதான் மிஸ் ஹார்லன் என்ற வெள்ளைக்காரி எங்கள் ஊருக்கு வந்து வாத்தியார் வீட்டை வாடகைக்கு எடுத்தாள். படம் வரைகிறவள். நான் ஹிலோ பட்டணத்தில் நாலு எழுத்து படித்தவள், இங்கிலீஷ் வரும் என்பதால் அவளுக்குச் சமைத்துத் துவைத்துப் போட்டேன்.

அவள் வரைவது முகங்களை மட்டும். சமோவா, தஹிதித் தீவுகளில் வரைந்த முகங்களைச் சுவர் முழுக்க மாட்டியிருந்தாள். பெருக்கும்போது அத்தனை கண்ணும் என் முதுகிலேயே இருக்கும். நான் அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பேன். எங்கள் ஊரிலும் போதகரை, வலைக்காரக் கிழவரை, கடைக்காரன் மனைவியை என்று வரிசையாக வரைந்து தள்ளினாள். லூயிகாவிடம் மூன்று தடவை கெஞ்சிய பிறகுதான் அவள் சம்மதித்தாள்.

படத்துக்கு உட்கார வந்த அன்று கழுத்தில் ஆரஞ்சு நிற இலிமா மாலை. காகிதம் போல மெல்லிய பூ. ஒரு சரத்துக்கே நூற்றுக்கணக்கில் வேண்டும். முனைகள் சேராமல் மார்பில் தொங்கின.

"என்ன அண்ணி, பாதியிலேயே கை வலிச்சிடுச்சா?"

"பூ அவ்வளவுதான் கெடச்சுது. போய் உன் சட்டியப் பாருடி, கருகுது."

உண்மையிலேயே கருகிக்கொண்டுதான் இருந்தது. ஓடிவிட்டேன்.

ஐந்தாம் நாள், அண்ணி போன பிறகு, மிஸ் ஹார்லன் தூரிகையைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "மிலி, இந்த மாலை ஏன் சேராம தொங்குது? ஏதாவது வழக்கமா?"

"வழக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல மிஸ். பூ பத்தல. எங்கண்ணிக்குப் பறிக்கச் சோம்பல். நீங்களே படத்துல சேத்துடுங்க, அம்சமா இருக்கும்."

அவள் முகம் மலர்ந்து நாலு பூவை வைத்து மாலையை மூடினாள். உனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று கேட்காதீர்கள். தோன்றவில்லை. ஹன்னா அத்தை முடியாது என்று சொன்னதை ஊரே நம்பியிருந்தது, நானும் நம்பினேன். அண்ணி போடுகிற தொளதொள அங்கிக்குள் ஒரு மூட்டை அரிசியை ஒளித்தாலும் தெரியாது.

கப்பல் வருவதற்கு முதல் நாள் காலை, மிஸ் ஹார்லன் படங்களையெல்லாம் தேவாலயத் திண்ணையில் வரிசையாக வைத்து ஊரைக் கூப்பிட்டாள். எல்லோரும் அவரவர் மூக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். லூயிகா தன் படத்துக்கு எதிரே நின்றாள். கை தானாகக் கழுத்துக்குப் போனது. என் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

"மிலி, எனக்கு அஞ்சு மாசம்டி."

என் கண் அவள் அங்கிக்குப் போனது.

"யார்கிட்டயும் சொல்லல. உங்கண்ணன்கிட்டகூட. சொன்னா மறுபடி யாராவது சந்தோஷப்பட்டு எதையாவது..." என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "அந்த வெள்ளக்காரி மாலைய மூடிட்டா. நாளைக்கு அது கடலத் தாண்டிப் போயிடும். என் கழுத்துல அப்படியே கெடக்கும், யாராலயும் கழட்ட முடியாது. வா, நீ இங்கிலீஷ்ல சொல்லு. தொறக்கச் சொல்லு."

மூடச் சொன்னது நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அவள் பின்னாலேயே போனேன். மிஸ் ஹார்லன் முன்னால் போய் நின்றதும் பிள்ளையைப் பற்றியும் வாய் வரவில்லை. அதைச் சொன்னால் மற்றதும் வெளியே வந்துவிடும். மாலையை மட்டும் திறக்க வேண்டுமாம் என்றேன்.

"ஆனா மிலி, மூடச் சொன்னது நீதானே?" என்று அவள் இங்கிலீஷில் கேட்டாள். "அந்த ஆரஞ்சு வட்டம்தான் மொத்தப் படத்தையும் தாங்குது. நான் தொடமாட்டேன்."

"என்ன சொல்றா?" என்றாள் லூயிகா.

"பெயிண்ட் எல்லாத்தையும் பெட்டியில கட்டிட்டாளாம்."

"உன் பேரைச் சொன்னாளே?"

"மிலி, நீயே சொல்லிப் புரிய வைன்னா."

அண்ணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மாட்டுக்காரனைத் துரத்தியவள், காற்றில் ஓலை அசைந்ததற்குத் திடுக்கிட்டு நின்று நின்று போனாள். எனக்கு அழுகை வந்தது. அழுவதற்குக்கூட யோக்கியதை இல்லை என்றும் பட்டது.

மத்தியானம் மிஸ் ஹார்லன் போதகரிடம் விடைபெறப் போனாள். வாத்தியார் வீட்டில், ஆணி அடிக்காத பெட்டியில் அண்ணியின் படம் மேலாக மல்லாந்து கிடந்தது. துணியை மண்ணெண்ணெயில் நனைத்தேன். படத்திலிருந்து அண்ணி என்னையே பார்த்தாள். சுவரில் இருந்த அத்தனை பேரும் இறங்கிப் பெட்டிக்குள் போய்விட்டார்களே, நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். ஈரம் காயாத அந்த நாலு பூவின் மேல் துணியை வைத்து அழுத்தித் துடைத்தேன். இரண்டு விரல் அகலம் வந்தது. இன்னும் கொஞ்சம் என்று குனியும்போது பின்னால் மரப்பலகை கிறீச்சிட்டது.

மிஸ் ஹார்லன் வாசலில் நின்றாள்.

பயத்தில் என் இங்கிலீஷ் முழுக்க ஓடிப்போனது. எங்கள் பாஷையில் கத்தினேன். "நான்தான் சொன்னேன்! பூ பத்தல, மூடிடுங்கன்னு நான்தான் சொன்னேன்! அவ பிள்ளத்தாச்சி, எனக்குத் தெரியாது! போன தடவையும் நான்தான் போட்டேன்! ஒரு பிள்ளையக் கொன்னது போதாதா?"

மிஸ் ஹார்லனுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. புரிந்தவள் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். லூயிகாவும் கையில் ஒரு மண்ணெண்ணெய்த் துணியோடு வந்திருந்தாள்.

துணியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மிஸ் ஹார்லன் என் ஆரஞ்சு விரல்களைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்தபடி போகிறவளைப் பார்த்தாள், பிறகு தன் கையாலேயே பெட்டியை மூடி ஆணி அடித்தாள். மறுநாள் கப்பலேறினாள். அந்த இடைவெளியை அப்படியே விடுவாளா, ஹொனலுலுவில் போய்ப் பூவை மறுபடி வைப்பாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த நாலு மாதம் நான் தூங்கியதாக நினைவில்லை. அண்ணி என்னோடு பேசவில்லை. கப்பல் ஊதும்போதெல்லாம் இரண்டு பேரும் அவரவர் வாசலுக்கு வந்து நிற்போம். மிஸ் ஹார்லனிடமிருந்து கடிதம் ஏதும் வராது. ஆளுக்கொரு பக்கம் உள்ளே போய்விடுவோம்.

வலி கண்ட காலையில் பிலிப்போ ஓடி வந்தான். "உன்னக் கூப்பிடுறா."

நான் போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. வலிக்கு நடுவே ஒன்றுதான் கேட்டாள்.

"அவ திரும்ப மூடியிருப்பாளா?"

"தெரியல அண்ணி."

பொய் சொல்லாமல் நான் அவளுக்குச் சொன்ன முதல் பதில் அதுதான். தலை வெளியே வந்தது. ஹன்னா அத்தையின் முகம் மாறியது. "கொடி சுத்தியிருக்கு," என்றாள். லூயிகா கத்தவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். என் உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"இரு, இரு. தளர்வா இருக்கு. விரல் நொழையுது." அத்தை இரண்டு விரலை உள்ளே கொடுத்துக் கொடியைத் தலைக்கு மேலாக உருவினாள். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு வீடு இடிந்து விழுகிற மாதிரி ஓர் அழுகை.

பெண் குழந்தை. லூயிகா அதை மார்பில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு தொடச்ச?"

"ரெண்டு விரல் அகலம்."

எங்கள் ஊரில் பிள்ளை பிறக்கும்போது நடந்ததை வைத்துத்தான் அதற்குப் பெயர் இடுவது. அவள் கலெய்ஹமாமா என்று பெயரிட்டாள். திறந்த மாலை என்று அர்த்தம்.

"நீதான் மொதல்ல கூப்பிடணும்," என்றாள்.

கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னாள்.